'அதனால் என்ன?': உயர்நிலை மாணவர்கள் சான்றோடு வாதம் எழுதப் பழகுவது எப்படி

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவரிடம் "எல்லாக் கடைகளிலும் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வாங்க வேண்டுமா?" என்று கேட்டு ஒரு பத்தி எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படி வரும்:

"எல்லாக் கடைகளிலும் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வாங்க வேண்டும். ஏனென்றால் பிளாஸ்டிக் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கிறது. நமது செமாக்காவ் குப்பை நிரப்பு நிலம் 2035க்குள் நிரம்பிவிடும். ஆகவே கட்டணம் வாங்க வேண்டும்."

எழுத்துப் பிழை இல்லை. தலைப்பை விட்டு விலகவில்லை. 2035 என்பதும் அதிகாரபூர்வமாகச் சொல்லப்படும் கணிப்புதான். ஆனாலும் படித்து முடித்தபின் நம் மனம் இம்மியும் நகரவில்லை. ஆசிரியர் ஓரத்தில் "இன்னும் விளக்கு" என்று எழுதுகிறார். மாணவர் அதைப் பார்த்து மேலும் இரண்டு தகவல்களைச் சேர்க்கிறார். பத்தி நீள்கிறது, வாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குறை எங்கே என்று பார்ப்போம். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை நேரடியாகச் செமாக்காவுக்குப் போவதில்லை. முதலில் எரிக்கப்படுகிறது, அதில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத பொருள்களுமே அங்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. மெல்லிய பிளாஸ்டிக் பை எரிந்தால் மிஞ்சும் சாம்பல் மிகமிகக் கொஞ்சம். அப்படியானால் பைக்குக் கட்டணம் வைப்பதால் செமாக்காவின் ஆயுள் எப்படி நீளும்? தகவல் உண்மை. நிலைப்பாடும் நியாயமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வரிதான் இல்லை. அந்த வரியை எழுத முயன்றிருந்தால், இந்தச் சான்று தன் வாதத்துக்கு உதவாது என்பதை மாணவரே கண்டுபிடித்திருப்பார்.

வாதம் எழுதக் கற்றுக்கொடுப்பதில் ஆசிரியரின் நேரம் பெரும்பகுதி அந்த நடு வரிக்கே போக வேண்டும். நிலைப்பாடு சொல்ல எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தகவலை இணையத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். இணைப்பு வரியை மட்டும் எங்கிருந்தும் எடுக்க முடியாது, யோசித்துத்தான் எழுத வேண்டும்.

மலையும் புகையும்

இது மேற்கத்தியப் பாடத்திட்டம் புதிதாகக் கொண்டுவந்த சங்கதி என்று எண்ண வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம், கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையும் புகையுடையது என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்புடையது என்று முடிப்பது நிகமனம். இன்றைய வகுப்பறைச் சொற்களில் நிலைப்பாடு, சான்று, இணைப்பு, முடிவு என்று சொல்லிக்கொள்ளலாம். 1958இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். பல நாடுகளின் பள்ளிகள் இன்று பின்பற்றும் முறை அவர் வழி வந்தது. அதிலும் சான்றையும் நிலைப்பாட்டையும் கட்டும் உறுப்புக்குத் தனி இடம் உண்டு.

மாணவருக்கு அடுக்களை எடுத்துக்காட்டு சட்டென்று பிடிபடும். புகையைப் பார்த்து நெருப்பு என்று சொல்ல நமக்கு உரிமை தருவது எது? அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பதைக் கண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தைச் சொல்லாமல் விட்டால் "மலையில் நெருப்பு, ஏனென்றால் புகை" என்பதோடு நின்றுவிடும். செமாக்காவ் பத்தி நின்ற இடமும் அதுவே.

அடுத்த படிக்குச் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2013 ஜூன் 21 நண்பகலில் இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. தீவு முழுவதும் புகை. ஆனால் நெருப்பு இந்தத் தீவில் இல்லை, சுமத்ராவில் எரிந்துகொண்டிருந்தது. "புகை இருக்கும் இடத்திலேயே நெருப்பு இருக்கும்" என்ற இணைப்பு அன்று பொய்த்தது. "பெரும்பாலும்", "காற்று வேறிடத்திலிருந்து கொண்டுவராதவரை" என்று வரம்பு கட்டினால்தான் அது நிற்கும். வரம்பு கட்டுவது வாதத்தைப் பலவீனமாக்கும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு: வரம்பில்லாத வாக்கியத்தைத் தட்டிவிட ஒரே ஒரு விதிவிலக்கு போதும்.

எழுதுவதற்கு முன் பேச்சு

முதல் பாடவேளையில் பேனாவே வேண்டாம். மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் தன் நிலைப்பாடு, காரணம், சான்று மூன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவருக்கு மூன்றே கேள்விகளுக்கு அனுமதி:

எப்படித் தெரியும்?
அதனால் என்ன?
எப்போதும் அப்படியா?

முதல் கேள்வி சான்றைக் கேட்கிறது, இரண்டாவது இணைப்பை, மூன்றாவது வரம்பை. நான்கு நிமிடம் கழித்து, கேட்டவர் சொன்னவரின் வாதத்தைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் இணைப்பு இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்காதவருக்கு அபராதம் விதிப்பது சரியா என்பது இந்தப் பயிற்சிக்கு நல்ல தலைப்பு. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, எல்லாரும் பார்த்தது, வீட்டிலும் இதைப் பற்றி இரண்டு கருத்து இருக்கும்.

"அதனால் என்ன?" என்று கேட்டதும் சிலர் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். தாவட்டும். யோசனை அவர்களிடம் இருக்கிறது, யோசனையைக் கோக்கும் தமிழ்ச் சொற்கள்தான் கைவசம் இல்லை. ஆங்கிலத்தில் சொன்னதைப் பலகையில் தமிழில் எழுதிக்காட்டி, அதை அவரையே உரக்கச் சொல்லச் செய்தால் அந்த வாக்கியம் அவருடையதாகிவிடும். "தமிழில் பேசு" என்று அந்த நேரத்தில் அதட்டினால் யோசனையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பேச்சு முடிந்த கையோடு 15 நிமிடம் கொடுத்து ஒரே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். 6 அல்லது 7 வாக்கியம் போதும்: நிலைப்பாடு ஒன்று, காரணம் ஒன்று, சான்று இரண்டு, இணைப்பு இரண்டு அல்லது மூன்று. இணைப்பு சான்றைவிடக் குறுகியதாக இருக்கக் கூடாது என்று கறாராகவே விதி வைக்கலாம். முதல் மூன்று வாரமும் ஒற்றைப் பத்திகளே. முழுக் கட்டுரையை முன்கூட்டியே கேட்டால், மனப்பாடம் செய்த முன்னுரையும் முடிவுரையும் வந்து பக்கத்தை நிரப்பிவிடும். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் முன்னுரையை எந்தத் தலைப்பின் தலையிலும் பொருத்தலாம் என்பதே அது எந்தத் தலைப்புக்கும் உரியதல்ல என்பதற்குச் சாட்சி.

எது சான்று, எது சான்றல்ல

மாணவர்கள் எண்ணைக் கண்டால் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஆனால் எண் எதைப் பற்றியது என்று பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 27.3 விழுக்காடு. 2010இல் அது 36.7 விழுக்காடு. இதை வைத்து "தமிழ் இளையர்களுக்குத் தமிழில் ஆர்வம் இல்லை" என்று பலர் எழுதுவார்கள். மூன்று இடங்களில் இது சறுக்குகிறது. கணக்கு இந்தியர்கள் அனைவரையும் பற்றியது, அதில் மலையாளிகளும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் அடக்கம். அதில் எல்லா வயதினரும் உண்டு, இளையர்கள் மட்டுமல்லர். கேள்வி அதிகம் பேசும் மொழியைப் பற்றியது, ஆர்வத்தைப் பற்றியதல்ல. இந்த ஒரு எண்ணைப் பலகையில் எழுதி, "இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது" என்று பிரிக்கச் சொன்னாலே ஒரு பாடவேளை பயனுள்ளதாகிவிடும்.

மாணவர் தாமே திரட்டும் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு. வகுப்பில் 30 பேரைக் கேட்கலாம். கடைமுன் அரைமணி நேரம் நின்று எண்ணலாம். யாரை, எங்கே, எப்போது, எத்தனை பேரை என்ற நான்கையும் எழுதிவிட்டால் சிறிய எண்ணும் நேர்மையான சான்றாகும். அந்த நான்கும் இல்லாமல் "ஆய்வுகள் கூறுகின்றன" என்று எழுதினால் அது சான்றே அல்ல. எந்த ஆய்வு என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. உள்ளூர்ச் செய்திகளுக்குத் தமிழ் முரசு நாளிதழைப் படிக்கச் சொல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பேரங்காடி, ஈரச்சந்தை (காய்கறி, மீன், இறைச்சி விற்கும் சந்தை), விழுக்காடு போன்ற சொற்கள் செய்தியோடு சேர்ந்தே வந்துவிடும்.

திருக்குறளும் பழமொழியும்? இதில் ஆசிரியர்கள் தெளிவாக இருக்க வேண்டும். குறள் ஓர் அறத்தைச் சொல்கிறது, ஒரு சந்தையில் எத்தனை பை செலவாகிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் நிலவரத்தை நிறுவ அதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் நிலவரத்தை நிறுவியபின் "இது ஏன் தவறு" என்று கேட்கும்போது, எல்லாரும் ஏற்கும் மதிப்பீடாக இணைப்பு வரியில் குறளை வைக்கலாம். இடம் மாறினால் அதே குறள் அலங்காரமாகிவிடும்.

ஒரு பத்தி, திருத்தி எழுதியபின்

பின்னணியை மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூலை 3 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடி நிறுவனங்கள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். ஈரச்சந்தைக் கடைகளுக்கு இந்த விதி இல்லை. ஆகவே "எல்லாக் கடைகளும்" என்பதைவிட "ஈரச்சந்தைக் கடைகளும்" என்பது எழுதக்கூடிய அளவிலான தலைப்பு. கீழே உள்ள எண்கள் வடிவத்தைக் காட்டுவதற்காகப் போட்டவை, மாணவர் தாம் எண்ணியதை அங்கே நிரப்ப வேண்டும்.

"ஈரச்சந்தைக் கடைகளிலும் பைக்குக் கட்டணம் வாங்கலாம். இலவசமாகக் கிடைப்பதால் நாம் தேவைக்கு மேல் பை வாங்குகிறோம். சனிக்கிழமை காலை எங்கள் வட்டாரச் சந்தையில் ஒரு காய்கறிக் கடைமுன் அரைமணி நேரம் எண்ணினேன். வாங்கிய 40 பேரில் 26 பேர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பைகளோடு சென்றார்கள், அவர்களில் 18 பேரின் பொருள் ஒரே பையில் அடங்கியிருக்கும். தேவையைப் பார்த்து வாங்கியிருந்தால் இத்தனை பேர் இரண்டாவது பையை எடுத்திருக்க மாட்டார்கள். விலை என்று ஒன்று இருந்தால், அது 5 காசாக இருந்தாலும், 'இது வேண்டுமா' என்று ஒரு கணம் யோசிப்போம். நான் பார்த்தது ஒரே கடை, எனினும் அங்கே வீணான பைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கணத்தில் தவிர்க்கக்கூடியவை."

செமாக்காவும் இல்லை, பிளாஸ்டிக்கில் சிக்கிய ஆமைப் படமும் இல்லை. ஆனால் "அதனால் என்ன?" என்று கேட்டால் பத்தியிலேயே பதில் இருக்கிறது.

'தான்', 'ஏ', 'உம்'

தமிழில் வாதத்தின் பலம் பல நேரங்களில் ஒரு சிறு ஒட்டில் இருக்கிறது. இதைத் தனிப் பாடமாகவே நடத்தலாம், நடத்தவும் வேண்டும்.

கட்டணம் உதவும்.
கட்டணமும் உதவும்.
கட்டணமே உதவும்.
கட்டணம்தான் உதவும்.

நான்கையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் நிறுவ எவ்வளவு சான்று வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் போதும். மூன்றாவதையும் நான்காவதையும் சொன்னவர், வேறு எந்த வழியும் உதவாது என்பதையும் நிறுவ வேண்டிய கடனாளி ஆகிறார். பேச்சில் பழகிய "தான்" கட்டுரைக்குள் தானாக நுழைந்து, மாணவர் நினைத்தே பார்க்காத ஒரு பெரிய வாக்குறுதியைக் கொடுத்துவிடுகிறது. "எல்லாரும்", "எப்போதும்", "ஒருபோதும்" ஆகியவற்றுக்கும் இதே சோதனை. எழுதி முடித்தபின் இந்தச் சொற்களையெல்லாம் வட்டமிட்டு, தாங்க முடியாதவற்றை "பலர்", "பெரும்பாலும்", "சில வேளைகளில்" என்று மாற்றச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கட்டுரையின் நம்பகத்தன்மை கூடிவிடும்.

"ஏனென்றால்" பற்றியும் ஒரு சொல். ஆங்கில வாக்கிய ஒழுங்கில் யோசிக்கும் பிள்ளை முடிவை முன்னால் வைத்து "ஏனென்றால்" என்று நீட்டிக்கொண்டே போகும், பிறகு முடிக்கத் தெரியாமல் திணறும். காரணத்தை முன்னே வைத்து "-ஆல்" என்று கட்டுவது தமிழுக்கு இயல்பு: "இலவசமாகக் கிடைப்பதால் தேவைக்கு மேல் வாங்குகிறோம்." "ஆகவே" என்பதை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னுள்ள இரண்டு வரிகளும் அந்த முடிவுக்குத் தாமாகவே இட்டுச்செல்லவில்லை என்றால், "ஆகவே" அங்கே வெறும் ஓசை.

இணைப்பு வரி எழுதத் தெரியாதவர்களுக்கு முதலில் சில தொடக்கங்களைக் கொடுக்கலாம்: "இதிலிருந்து தெரிவது...", "அப்படி இல்லாவிட்டால்...", "...என்று கொள்ளலாம், ஆனால்...என்று சொல்ல முடியாது". ஒரு மாதத்துக்குப் பின் இவற்றை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எல்லாருடைய கட்டுரையும் ஒரே குரலில் பேசும்.

மறுப்பவரை மதித்து எழுதுதல்

பழைய இலக்கண நூலான நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கருத்து நிலைகளை, சொல்லும்போது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைவதையும் அவற்றில் ஒன்றாகச் சொல்கிறது. ஏற்பது என்ற முதல் படியை மாணவர்கள் தாண்டிவிடுகிறார்கள். "சிலர் கட்டணம் வேண்டாம் என்பர். அது தவறு." இது மறுப்பாகாது. எதிர்த்தரப்பினர் படித்து "ஆமாம், நான் சொல்வது இதைத்தான்" என்று தலையாட்டும் அளவுக்கு அவர்கள் கருத்தை எழுத வேண்டும்.

பை விவாதத்தில் அந்தக் கருத்து வலுவானது. அடுக்குமாடி வீடுகளில் குப்பையைக் கட்டித்தான் குப்பைக் குழாயில் போட வேண்டும். சந்தையில் கிடைக்கும் பை வீட்டில் குப்பைப் பையாக இரண்டாவது முறை உழைக்கிறது. இலவசப் பையை நிறுத்தினால் அதே வேலைக்குப் புதிய பையை விலைக்கு வாங்குவார்கள், பிளாஸ்டிக் எங்கே குறைந்தது? நல்ல கேள்வி. இதற்கு மாணவர் எழுதக்கூடிய பதில்: குப்பை கட்ட ஒரு பை வேண்டும் என்பது உண்மை, கட்டணம் அதைத் தடுக்கவில்லை. குப்பைக்குத் தேவையான எண்ணிக்கைக்கு மேல் வீட்டு இழுப்பறையில் குவியும் பைகளையே அது குறைக்கிறது. பதில் எழுதும்போது தன் நிலைப்பாடு கொஞ்சம் சுருங்கினால் சுருங்கட்டும். "பை வேண்டாம்" என்று தொடங்கியவர் "தேவைக்கு மேல் பை வேண்டாம்" என்று முடிப்பது தோல்வி அல்ல.

உயர்நிலை ஒன்று, இரண்டுக்கு ஒரே ஒரு மாற்றுக்கருத்து போதும், பதிலோடு சேர்த்து 6 வரி. மூன்று மாற்றுக்கருத்துகளை அடுக்கினால் மாணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே மங்கிவிடும்.

தலைப்பும் திருத்தமும்

"கைத்தொலைபேசி நன்மையா தீமையா" போன்ற தலைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதில் முடிவெடுக்க எதுவும் இல்லை, நன்மை மூன்று, தீமை மூன்று என்று பட்டியல்தான் வரும். யாரோ ஒருவர் முடிவெடுக்கக்கூடியதாகவும், மாணவர் நடந்துபோய்ச் சான்று திரட்டக்கூடியதாகவும் இருக்கட்டும்: நம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட அனுமதிக்கலாமா, பள்ளி உணவகத்தில் இடைவேளை நேரத்தை வகுப்புவாரியாகப் பிரிக்கலாமா.

முதல் வரைவைத் திருத்தும்போது ர, ற பிழைகளையும் ல, ள, ழ பிழைகளையும் தொட வேண்டாம். தாள் முழுவதும் சிவப்பாக வந்தால் மாணவர் எழுத்தைத் திருத்திவிட்டு வாதத்தை அப்படியே திரும்ப எழுதுவார். பிழைகளுக்கு இரண்டாம் வரைவு இருக்கிறது. முதல் வரைவில் மாணவரே மூன்று நிறங்களில் அடிக்கோடிடட்டும்: நிலைப்பாட்டுக்கு நீலம், சான்றுக்குப் பச்சை, இணைப்புக்கு ஆரஞ்சு. ஆரஞ்சு இல்லாத பத்தி எது என்பது தாளைத் தூக்கிப் பிடித்தாலே தெரிந்துவிடும். அந்தப் பத்தியின் பச்சைக் கோட்டுக்கு எதிரே "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதி, கீழே மூன்று வரி இடம் விட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.